உள்ளங்காலில் ஐந்து பொட்டு

அரிகண்டராயன் ஆண்ட நாட்டில், ஐந்து கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தினமும் நெய்க்கஞ்சி ஊற்ற ஏற்பாடு இருந்தது. நடத்தியவர் மந்திரி சோமநாயகர். "பிள்ளைகள் கொழுகொழுவென்று இருக்கிறார்கள்" என்று மாதாமாதம் ஓலை எழுதியவரும் அவரே.

ராஜாவுக்கே ஒருநாள் சந்தேகம் வந்தது. அவையில் வாயாடி என்று பெயரெடுத்த மாசாத்தனைக் கூப்பிட்டார்.

"நேரில் பார்த்து வா. குறை சொன்னால் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டே போய்விடு."

"நானும் கூடப் போகிறேன்" என்றார் மந்திரி. "அப்போதுதானே சோதனை நடுநிலையாக இருக்கும்!"

மாசாத்தன் ஒரு மைச்சிமிழை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினான்.

முதல் ஊரில் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கன்னமும் ஒரு பணியாரம். வேலிக்குப் பின்னாலிருந்து சில நோஞ்சான் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"அவர்கள்?"

"அதுகள் வெளியூர்" என்றார் மந்திரி. காவலன் விரட்டினான்.

மாசாத்தன் மைச்சிமிழைத் திறந்தான். "இந்தப் பிள்ளைகளுக்குக் கண் பட்டுவிடும் ஐயா. உள்ளங்காலில் ஒரு பொட்டு வைக்கட்டுமா?"

மந்திரியின் முகம் மலர்ந்தது. "வை, வை! யாரும் அழிக்கக் கூடாது, தெரிந்ததா?" என்று காவலர்களையும் அதட்டினார்.

அடுத்த ஊருக்குச் சுற்றுவழியில் கூட்டிப் போனார். குறுக்குவழியில் ஒரு மூடுவண்டி புழுதி கிளப்பிப் பறந்தது. அந்த ஊரிலும் பன்னிரண்டு பிள்ளைகள். உடுப்பு மட்டும் வேறு. மந்திரி விருந்தில் உட்கார்ந்தார். மாசாத்தன் ஆளுக்கொரு பொட்டு வைத்தான். ஐந்து ஊரிலும் அப்படியே.

அன்று மாலையே, கடைசி ஊர்ப் பிள்ளைகளைப் பெருமையோடு அவைக்கு அழைத்து வந்தார் மந்திரி.

"என்னப்பா, குறை உண்டா?" என்றார் ராஜா.

"ஊருக்கு ஒரு பொட்டு வைத்தேன் மகாராஜா. இவர்கள் காலைப் பாருங்கள்."

ராஜா ஒரு பாதத்தைத் தூக்கினார். ஐந்து பொட்டு. அடுத்த பாதத்திலும் ஐந்து.

"பொய்! ஐந்தையும் ஒரே ஊரில் வைத்துவிட்டான்!" என்று கத்தினார் மந்திரி.

அதற்குள் வரிசையிலேயே குண்டான பிள்ளை ஓடிவந்து மந்திரியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

"தாத்தா, அடுத்து நாம எந்த ஊருப் பிள்ளைங்க?"

அவை குலுங்கிச் சிரித்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாசாத்தா, என்ன வேண்டும், கேள்!"

"வேலிக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு இனி மந்திரி வீட்டுச் சாப்பாடு. அவர்களுக்கு இதுவரை ஊற்றிய அதே கஞ்சி மந்திரிக்கு. ஒரு மண்டலம் கழித்து நானே போய் அவரைப் பார்க்கிறேன்."

"பார்த்து?"

மாசாத்தன் மைச்சிமிழை மடியில் செருகினான்.

"கண் படுகிற மாதிரி இருந்தால், அவருக்கும் ஒரு பொட்டு வைக்கிறேன்."