கரும்பலகையில் அறுபது

இதயம் மார்பின் இடப்பக்கத்தில் இருக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை உடனடியாகக் கைவிட வேண்டும்.

இதயம் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கிறது. அதன் முனை மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. முனை தட்டுகிற இடத்தையே வீடு என்று எண்ணிக்கொண்டார்கள். சத்தியம் செய்தவர்களும் காதலைச் சொன்னவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தவறான இடத்தில் கையை வைத்துவந்திருக்கிறார்கள். இதற்காக யாரும் வருத்தம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

ஜெயசீலி மாஸ்டரின் பளுதூக்கும் கூடத்தில் முதல் நாள் பாடம் இதுதான்.

கூடம் ஒரு பழைய தோல் கிடங்கு. மழை பெய்தால் இன்னும் தோல் வாசனை வரும். மாஸ்டருக்கு வயது முப்பது. அவருடைய மூத்த சீடன் ஏழுமலைக்கு முப்பத்து மூன்று. மாஸ்டர் அவனை 'அண்ணா' என்று கூப்பிடுவார். அவன் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிடுவான். இருவருக்கும் இதில் குழப்பம் இருந்ததில்லை.

ஒருநாள் ஏழுமலை வந்து எதிரில் நின்றான்.

"மாஸ்டர், உடம்பு இறங்க மாட்டேங்குது."

"எவ்வளவு இறங்கணும்?"

"மூணரைக் கிலோ."

"மாவட்டத் தேர்வுக்கு எவ்வளவு நாள் இருக்கு?"

"இருபத்திரண்டு."

"எழுபத்து மூணு கிலோ பிரிவு எதுக்கு? எண்பத்தொண்ணுல தூக்குங்களேன்."

"எண்பத்தொண்ணுல நான் ஏழாவது ஆள். எழுபத்து மூணுல முதல் ஆள்."

முதல் ஆளுக்கு ஓர் அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை இருந்தது. விண்ணப்பிக்க வயது வரம்பும் இருந்தது. ஏழுமலைக்கு அடுத்த ஆவணியில் முப்பத்து நான்கு.

மாஸ்டர் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"சாப்பாட்டைக் குறைங்க. ஒண்ணரைக் கிலோ இறங்கும்."

"மிச்சம் ரெண்டு?"

"அது இறங்காது. அது கொழுப்பு இல்ல அண்ணா. அது நீங்க."



"முழுசா என்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது மாஸ்டர்?"



*

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு.

காலையில் வந்ததும் யாரும் பளு மாட்டும் ராடைத் தொடக் கூடாது. தரையில் உட்கார வேண்டும். மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து நாடியை எண்ண வேண்டும். ஒரு நிமிஷம் முழுதாக. பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குகிற சோம்பேறித்தனத்துக்கு அங்கே இடமில்லை. எண்ணியதைக் கரும்பலகையில் அவரவர் பெயருக்கு நேரே எழுத வேண்டும். முந்தைய நாளைவிடப் பத்து கூடியிருந்தால் அன்று பயிற்சி கிடையாது. வீட்டுக்குப் போகலாம்.

மாஸ்டரும் எழுதுவார். கடைசிப் பெயர் அவருடையது.

அறுபது.

மறுநாளும் அறுபது. காய்ச்சலோடு வந்த நாளிலும் அறுபது. ஒருநாள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து சாரைப்பாம்பு ஒன்று கூடத்தின் நடுவில் விழுந்தது. பலகையில் அன்றைய எண்கள் பார்க்கத் தகுந்தவையாக இருந்தன. சிட்டிபாபு தனக்கு நேரே 'எண்ண முடியவில்லை' என்று எழுதினான். மாஸ்டர் எழுதினார்: அறுபது.

சிட்டிபாபு நூற்றுப் பதினெட்டுக் கிலோ. மிக உயர்ந்த எடைப் பிரிவு. அதற்கு மேல் வரம்பு கிடையாது. ஆகவே அவன் உலகத்தை அச்சமின்றிப் பார்த்தான், பாம்புகள் தவிர.

"மாஸ்டருக்கு மனசு அடங்கிடுச்சுடா" என்று அவன் மற்றவர்களிடம் சொன்னான். "நமக்கெல்லாம் இந்த ஜென்மத்துல வராது."

மாஸ்டர் ராடைத் தூக்கி யாரும் பார்த்ததில்லை. கேட்டால் தோளில் பழைய அடி என்பார். சீடர்கள் இதற்கும் தத்துவ விளக்கம் வைத்திருந்தார்கள். தூக்கித் தூக்கி, தூக்க வேண்டிய தேவையைக் கடந்தவர்.

எப்போதும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டைதான் அணிவார். அதற்கு விளக்கம் தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை.

*

பத்தொன்பது நாட்களில் ஏழுமலை மூன்று கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டான்.

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்கள் மட்டும் பளபளத்தன. பசிக்கவில்லை என்றான். தூக்கம் வரவில்லை, அதனால் நேரம் நிறைய இருக்கிறது என்றான். ராடை முன்னைவிட வேகமாக இழுத்தான்.

"அண்ணே, இப்படியே போனா அடுத்த வாரம் உங்க சட்டை மட்டும்தான் வரும்போல" என்றான் சிட்டிபாபு. "என்கிட்ட கொஞ்சம் வாங்கிக்குங்க. நிறைய இருக்கு, சும்மாதான் கிடக்கு."

ஏழுமலை சிரித்தான். சிரித்து முடித்த பிறகும் அவனுடைய விரல்கள் நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் பலகைக்குப் போனான். சாக்பீஸ் உடைந்தது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் உடைந்தது. மூன்றாவதில் எழுதி முடித்தான்.

அறுபது.

நேற்றும் அதைத்தான் எழுதியிருந்தான். அதற்கு முந்தைய நாளும். பதினாறு நாளாக அறுபது.

மாஸ்டர் பலகைக்கு அருகில் போய் நின்றார். ஆறின் வளைவு அலை அலையாக இருந்தது.

"சிட்டி, எல்லாரையும் கூட்டிட்டு டீக்கடைக்குப் போ. எங்களுக்கு ரெண்டு டீ வாங்கிட்டு மெதுவா வா."

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா மாஸ்டர்?"

"உன் வேகத்துல வா. போதும்."

அவர்கள் போனார்கள். மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். ஏழுமலை எதிரில் உட்கார்ந்தான்.

"எழுதினது அறுபது. எழுதின கை அறுபது இல்லையே அண்ணா."

"பனி மாஸ்டர். கை விறைச்சுப்போச்சு."

"குடுங்க."

மாஸ்டர் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினார்.

"நூத்திப் பதினாறு."

"ஓடி வந்தேன்."

"வந்து இருபது நிமிஷம் ஆச்சு."

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நீங்க உட்கார்ந்துட்டீங்க. அது இன்னும் உட்காரலை. யார்கூட ஓடிட்டிருக்கு?"

"நான் எதுவும் போடலை மாஸ்டர். சத்தியமா." கையை இடது மார்பில் வைத்தான்.

"கொஞ்சம் உள்ளே தள்ளி வைங்க. அது அங்க இல்லை."

ஏழுமலை கையைத் தள்ளி வைக்கவில்லை. கீழே இறக்கினான். பைக்குள் விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தான். டப்பாவுக்குள் மாத்திரைகள் கடகடவென்று சத்தமிட்டன. கையை எடுத்த பிறகுதான் சத்தம் நின்றது.

"ஜிம் கடையில குடுத்தாங்க. குதிரைக்கு மூச்சிரைப்பு வந்தா குடுக்கிற மருந்தாம். மனுஷனுக்குக் கொழுப்பைக் கரைக்குமாம். வேகமும் வரும்னாங்க. வந்துச்சு."

"குதிரை எந்த எடைப் பிரிவுல தூக்குது?"

"விளையாடாதீங்க மாஸ்டர். எல்லாரும் போடுறாங்க. எனக்குப் பதினாலு வருஷம் போயிடுச்சு. கல்யாணத்துக்கு மறுநாள்கூட இங்கதான் இருந்தேன். ஒரே ஒரு தடவை பரிசு மேடையில ஏறி நின்னுட்டேன்னா போதும். அப்புறம் தொடவே மாட்டேன்."

"சரி."

"என்ன சரி? திட்டுங்க."

"பலகையில ஏன் அறுபதுன்னு எழுதினீங்க? எழுபது எழுதியிருக்கலாம். எழுபத்து நாலுகூட எழுதியிருக்கலாம். போன மாசம் வரைக்கும் அதுதானே உங்க கணக்கு."

ஏழுமலை தரையைப் பார்த்தான்.

"பொய்தான் எழுதறோம், நல்ல பொய்யா எழுதலாமேன்னு. உங்களுக்கு வர்றதையே எழுதினேன். பாம்பு விழுந்தாலும் அறுபது. காய்ச்சல் வந்தாலும் அறுபது. எனக்கு எப்போ அப்படி வரும்னு அஞ்சு வருஷமாப் பார்க்கிறேன். வரலை. எழுதியாவது பார்ப்போம்னு."



மாஸ்டர் தன் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தார். அடுத்ததையும் அவிழ்த்தார். இடது காரை எலும்புக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருந்தது. தழும்புக்கு அடியில் தோல் மேடாக இருந்தது.

நாடி பார்க்கிற அவனுடைய இரண்டு விரல்களையும் எடுத்து அந்த மேட்டின் மேல் வைத்தார்.

தோலுக்கு அடியில் கெட்டியாக ஏதோ இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது. விளிம்புகள் வழவழப்பாக இருந்தன.

ஏழுமலை சுட்டதுபோல விரல்களை இழுத்துக்கொண்டான்.

"என்ன மாஸ்டர் இது?"

"அறுபது."

*

வெளியே பால் வண்டி ஒன்று போயிற்று. 

"இருபத்திரண்டு வயசுல" என்றார் மாஸ்டர். "எனக்கு நாலு கிலோ. வேற டப்பா, வேற பேரு. இறங்குச்சு."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேன்."

"வேலை?"

"உத்தரவு வந்துச்சு. சேர்றதுக்கு முன்னாடி உடம்பைப் பரிசோதிச்சாங்க. டாக்டர் நெஞ்சுல குழலை வெச்சார். எடுக்கவே இல்லை. வெச்ச இடத்துல வெச்சபடி கேட்டுட்டே இருந்தார். அவருக்கு என்னமோ பாட்டுக் கேட்கிற மாதிரி."

"அப்புறம்?"

"உத்தரவைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சுக் குளிக்கிற இடத்துல விழுந்தேன். எந்திரிச்சப்போ இது உள்ளே இருந்துச்சு."

"இதயம் தானா அடிக்காதா?"

"தானா அடிக்கிறது அதுக்கு மறந்துபோச்சு. இது ஞாபகப்படுத்திட்டு இருக்கு. நிமிஷத்துக்கு அறுபது தடவை."

"பயந்தாலும்?"

"பயந்தாலும். அழுதாலும். அன்னிக்குப் பாம்பைப் பார்த்துக் கால் நடுங்கிடுச்சு எனக்கு. நெஞ்சு மட்டும் எங்கேயோ வேற வேலையா இருந்துச்சு."

ஏழுமலை கரும்பலகையைப் பார்த்தான். அதில் இரண்டு அறுபதுகள் இருந்தன. அவனுடைய பூஜ்யத்தின் தலையில்கூட மாஸ்டர் போடுகிற மாதிரியே ஒரு சின்னக் கொக்கி இருந்தது. பதினாறு நாளில் அது தானாக வந்திருந்தது.

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

மாஸ்டர் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். முதலில் கீழே உள்ளதை. பிறகு மேலே உள்ளதை.

"சொல்லலாம்னுதான் வந்தேன். முதல் நாள் எழுதினதும் எல்லாரும் வாயைப் பிளந்தீங்க. மறுநாளும் பிளந்தீங்க. என்னை யாரும் அப்படிப் பார்த்து மூணு வருஷம் ஆகியிருந்துச்சு அண்ணா."

அவ்வளவுதான் சொன்னார்.

சிட்டிபாபு டீயோடு வந்தான். வாசலிலேயே குரல் கொடுத்தான்.

"ஏழுமலை அண்ணனுக்குச் சர்க்கரை இல்லாம சொல்லிட்டேன். ஏறிடப் போகுது!"

இருவருடைய முகத்தையும் பார்த்தான். டீயை வைத்துவிட்டு, தன் உடம்புக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் வெளியே போனான்.

ஏழுமலை டம்ளரை எடுத்தான். டீ விளிம்பைத் தாண்டித் தரையில் சிந்தியது. திரும்பக் கீழே வைத்தான்.

"வியாழக்கிழமை எடை பார்க்கிறாங்க."

"தெரியும்."

"இன்னும் நானூறு கிராம்தான்."

"தெரியும்."

"போகட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க மாஸ்டர். நீங்க சொன்னா கேட்பேன்."

மாஸ்டர் எழுந்தார். துடைப்பானை எடுத்துப் பலகையில் தன் பெயருக்கு நேரே இருந்த அறுபதைத் துடைத்தார். அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை. அவனுடைய அறுபதை அப்படியே விட்டார்.

துடைப்பானை அவனிடம் நீட்டினார்.

ஏழுமலை அதை வாங்கிக்கொண்டான்.

"இப்போ விட்டுட்டா, அப்புறம் நான் யாரு மாஸ்டர்?"

"எனக்குத் தெரியலை அண்ணா. எட்டு வருஷமா நானும் கேட்டுட்டுதான் இருக்கேன்."

*

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாவட்ட விளையாட்டரங்கில் தேர்வுக்கு வந்தவர்களை எடை பார்த்தார்கள். எழுபத்து மூன்று கிலோ பிரிவில் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஏழு பேர் வந்தார்கள்.

அதே நேரத்தில் ஏழுமலை அரசு மருத்துவமனையில் இதய நோய்ப் பிரிவின் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் மாஸ்டர் நின்றார். அவன் முறை வந்தது. செவிலியர் எடை பார்க்கும் கருவியைக் காட்டினார். ஏழுமலை செருப்பைக் கழற்றினான். சட்டையைக் கழற்றினான். பனியனையும் கழற்றி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டு நின்றான்.

"யாருப்பா உன்னைச் சட்டையெல்லாம் கழட்டச் சொன்னது? சும்மா ஏறு."

ஏறினான்.

செவிலியர் சீட்டில் எழுதினார்: 72.9.