கறுத்த ராணி காசு

“ஐயா, இது ஒண்ணுக்கும் உதவாத காசுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்” என்றாள் வடிவாம்பாள்.

தேவசகாயம் பழைய நாணயங்களின் தரம் பார்ப்பவர். அவரிடம் அவள் சில மாதங்களாகப் பாடம் படிக்கிறாள். படிக்க வந்ததே அக்காவோடு போட்ட சண்டைக்குச் சாட்சி தேடித்தான்.

அம்மா விட்டுப்போனது ராணி தலை போட்ட இரண்டு வெள்ளி ரூபாய். பளபளப்பானதை அக்கா எடுத்துக்கொண்டாள். கறுத்ததை இவள் கையில் வைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்திருக்கிறது. போவதா வேண்டாமா என்று இவளுக்குத் தூக்கமில்லை.

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க.”

“கறுத்துக் கெடக்கே. இன்னும் என்னத்தப் பாக்க?”

“கறுப்பைப் பாத்தாச்சு. அதுக்குக் கீழ பாருங்க.”

அவள் ஜன்னல் பக்கம் போனாள். காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்தாள். கறுப்புக்குள் நீலம் தெரிந்தது. நீலத்துக்கு அடியில், தேயாத காசில் மட்டுமே ஓடும் ஒளி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“ராணி கன்னம்?”

“தேயல.”

“முடி?”

“இழை இழையாத் தெரியுது.”

“கீறல்?”

ஒன்றாவது கிடைக்காதா என்று வெகுநேரம் தேடினாள்.

“இல்ல.”

“உங்க அக்காகிட்ட இருக்கிறது மட்டும் எப்படிப் பளபளன்னு இருக்கு?”

“அது பூஜையில இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாம அம்மா விபூதி போட்டுத் தேய்ப்பா. இது பெட்டிக்கு அடியில துணியில சுத்திக் கெடந்தது. யாரும் இதைத் தொட...”

கையிலிருந்த காசைப் பார்த்தாள்.

விபூதியில் தேய்த்த காசுகளை அவர் நிறையக் காட்டியிருக்கிறார். முகம் மழுங்கி, மேலெல்லாம் மெல்லிய கீறல். ‘இது போச்சு’ என்று அவளே ஒதுக்கி வைத்தவை.

“அக்காவுக்கு இது தெரியுமா ஐயா?”

“காசைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்.”

அவள் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது.

“கூடப் பொறந்தவளை ஏமாத்தி நல்லதை அமுக்கிக்கிட்டவன்னு அக்காவை ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன்.”

காசோடு உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“அது நான்தான் ஐயா.”