பல்வலிக்கு என்ன சான்று?

எயினியை அவளுடைய தாய்மாமன் நெல் குதிர் இருந்த அறையில் வைத்துப் பூட்டினார். தன் மகனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும்வரை கதவு திறக்காது என்றார். அது முதல் அநியாயம். அவள் குதிர்மேல் ஏறி, கூரை ஓட்டைப் பிரித்துத் தப்பி வந்து நடந்ததைச் சொன்னபோது, அவளுடைய தோழர்கள் நம்பவில்லை. அது இரண்டாவது. எயினிக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் அதிகமாக எரிந்தது.

அவர்கள் படித்தது மலையடிவாரத்தில் ஒரு தர்க்கப் பள்ளியில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒன்றை உண்மை என்று சாதிக்க வருகிறவர் சபை நடுவில் கிடக்கும் பலகைமேல் ஏறி நிற்க வேண்டும். கேள்வி கேட்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சான்று காட்டி முடிக்கும்வரை நிற்கிறவர் உட்காரக் கூடாது. கொஞ்ச நாளிலேயே இது பிள்ளைகளின் ரத்தத்தில் ஊறிவிடும். குழம்பில் உப்பு குறைவு என்று யாராவது சொன்னால்கூட, "ஏறு பலகையில்!" என்பார்கள்.

எயினி ஆற்றங்கரையில்தான் சொன்னாள். அங்கே பலகை இல்லை. ஆனாலும் அவள் நின்றுகொண்டிருந்தாள். நப்பின்னையும் காரியும் பாறைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் மாமாவா? நமக்கு வண்டி வண்டியாக வெல்லம் அனுப்புகிறவரா?" என்றான் காரி.

"வெல்லம் அனுப்புகிறவருக்குக் கதவைப் பூட்டத் தெரியாதா?"

"சரி, பூட்டினார். நீ ஏன் கத்தவில்லை?"

"கத்தினேன். யாரும் வரவில்லை."

"யாரும் வரவில்லை என்றால், நீ கத்தியதற்கு யார் சாட்சி?"

நப்பின்னை இன்னும் ஒரு படி மேலே போனாள். "கோபித்துக்கொள்ளாதேடி. நேற்று வந்ததும் வராததுமாக அப்பம் அப்பமாக உள்ளே தள்ளினாய். காரி சேற்றில் வழுக்கியதற்கு விழுந்து விழுந்து சிரித்தாய். அடைபட்டுக் கிடந்தவள் அப்படியா சிரிப்பாள்?"

"பட்டினி கிடந்தவள் தின்ன மாட்டாளா? இவன் வழுக்கிய அழகுக்குப் பிணம்கூட எழுந்து சிரிக்கும்!"

சொல்லிவிட்டு நேரே ஆசானிடம் போனாள். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆசானே, யாராலும் மறுக்க முடியாத ஒரு வாதம் சொல்லித் தாருங்கள். இந்த இரண்டு பேர் வாயையும் அடைக்க வேண்டும்."

"என்ன நடந்தது?"

"மாமா என்னை அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்..."

ஆசான் எழுந்து, தன் மணையை அவள் பக்கம் நகர்த்தினார். "உட்கார் அம்மா. இனி அவர் வண்டி இந்தப் பக்கம் வந்தால், ஏற்றிய வெல்லத்தோடு அப்படியே திரும்பிப் போகும்."

எயினிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. "நான் இன்னும் பாதிகூடச் சொல்லவில்லையே! சான்றெல்லாம் வரிசையாக வைத்திருக்கிறேன்!"

"மெதுவாகச் சொல். கீரை நிறையக் கிடக்கிறது."

கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். முடிக்கும்போதுதான் முதல் தடவையாக அழுகை வந்தது. கீரைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கள் மட்டும் நம்பினால் போதாது, ஆசானே. அவர்கள் இரண்டு பேரும் எனக்கு வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பள்ளியில் நான் யாரோடு சண்டை போடுவது?"

ஆசான் ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் காலை சபை கூடியது. எயினி மட்டும் தூணோரம் தனியாக நின்றாள். ஆசான் கன்னத்தில் கை வைத்தபடி வந்து, பலகைமேல் ஏறினார்.

"பல் வலிக்கிறது," என்றார்.

நப்பின்னை கிராம்பு எடுக்க ஓடினாள். காரி வெந்நீரும் உப்பும் கொண்டுவந்தான். "ஏன் நிற்கிறீர்கள் ஆசானே, முதலில் உட்காருங்கள்!"

ஆசான் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டார். இறங்கவில்லை.

"எந்தப் பல் என்று கேட்கவில்லையே?"

"எந்தப் பல்லாக இருந்தால் என்ன, ஆசானே! வலி வலிதானே?" என்றாள் நப்பின்னை.

"நேற்று ராத்திரி முறுக்கைக் கடக்முடக்கென்று கடித்தேன். சிரித்தேன். பல் வலிக்கிறவன் அப்படியா சிரிப்பான்?"

நப்பின்னை தலையைக் குனிந்துகொண்டாள். தூணோரத்தில் நின்றவளைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

காரி அவ்வளவு சுலபத்தில் தோற்கிறவன் இல்லை. "நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள், ஆசானே. அதுவே சான்று."

"பொய்தான் சொன்னேன். பல்லெல்லாம் திடமாக இருக்கிறது."

சபை கொல்லென்று சிரித்தது. எயினியாலும் அடக்க முடியவில்லை.

"என்னை நம்பி ஏமாந்தாயே காரி, உனக்கு என்ன நஷ்டம்?"

"ஒரு கிராம்பு," என்று முணுமுணுத்தான் காரி.

நப்பின்னை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். "ஆசானே, எயினியை நம்பாமல் விட்டதில் எங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஆசான் பலகையிலிருந்து இறங்கினார். கிராம்பை மென்றுகொண்டே சொன்னார்:

"அதை அவளிடம் கேள். அதற்கு முன்னால் அவளை உட்கார வை."