வெள்ளிக்கிழமைப் புகை

கார் புகைந்தது. கரிப்புகை. நாலு மாதமாக.

கார் திருமூர்த்தியுடையது. பழைய அம்பாசடர். அவர் பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் எஞ்சின் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, கிணத்துக்கடவில் நாச்சிமுத்துவின் ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்கச் சேர்ந்தார்.

நாச்சிமுத்து அவரிடம் படித்தவர். அவர் பாடத்தில் இரண்டு தடவை ஃபெயில்.

இப்போது வாத்தியார் மாணவனை மேஸ்திரி என்பார். மேஸ்திரி வாத்தியாரை சார் என்பார்.

ஒர்க்‌ஷாப் சுவரில் ஒரு கரும்பலகை. வண்டி, கோளாறு, சரிசெய்தவர் என்று மூன்று கட்டம். எந்த வேலை முடிந்தாலும் எழுதியாக வேண்டும். எட்டு மாதமாகியும் அதில் திருமூர்த்தியின் பெயர் ஏறவில்லை.

"எனக்கு எப்ப மேஸ்திரி ஒரு வண்டி குடுப்பீங்க?"

"உங்க வண்டிப் பொகை நிக்கட்டுங்க சார். அப்புறம் அடுத்தவங்க வண்டி."

"கார்புரேட்டரை மூணு தடவை கழட்டிட்டேன். ப்ளக் புதுசு. ஏர் ஃபில்டர் புதுசு."

"கரிப்பொகைன்னா என்னங்க?"

"பெட்ரோல் அதிகம், காத்து கம்மி."

"நீலப்பொகை?"

"ஆயில் எரியுது."

"வெள்ளை?"

"தண்ணி. இதெல்லாம் நான் உங்களுக்கு நடத்துனது மேஸ்திரி."

"ஆமாங்க. அதுலதான் ஃபெயில் ஆனேன். பொகை எப்ப வருதுங்க?"

திருமூர்த்தி யோசித்தார்.

"வெள்ளிக்கிழமை."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கோயிலுக்குப் போறப்ப மட்டும். மத்த நாள் நான் தனியா ஓட்டிப் பாக்கறேன், சுத்தமா இருக்குது. வீட்ல கூடச் சொன்னேன், நீ ஏறினாத்தான் பொகையுதுன்னு. வெளையாட்டுக்கு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. ரெண்டு வாரமா பஸ்ல போறா."

"இந்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை வந்தார்கள். சார் காரில். மனைவி சுலோசனா பஸ்ஸில்.

"முன்னாடி ஏறுங்கம்மா" என்றார் நாச்சிமுத்து. தான் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

"பானெட்டைத் தொறக்கலையா?"

"வண்டிய எடுங்க சார்."

எடுத்தார். அரை கிலோமீட்டர் போகவில்லை. பின்னால் கரிப்புகை.

"பாத்தீங்களா மேஸ்திரி!" ஜெயித்த மாதிரி ஒரு குரல்.

"பாத்தேனுங்க. ஓரங்கட்டுங்க."

வண்டி நின்றது. நாச்சிமுத்து முன்னால் எட்டிப் பார்த்தார். டேஷ்போர்டில் இருந்த ஒரு குமிழில் சுலோசனாவின் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்கம்மா அதுல?"

"தேங்காய், பழம், எண்ணெய். மடியில வெச்சா சேலையெல்லாம் எண்ணெய். கீழ வெச்சா கால் படும், சாமிக்குப் போறது."

"நழுவாம எப்படிங்க நிக்குது?"

"சும்மா மாட்டினா பையோட காது நழுவிரும். அதை வெளிய இழுத்து விட்டா நிக்கும். எறங்கறப்ப உள்ள தள்ளிருவேன்."

அது சோக். குளிரில் வண்டி கிளம்பாவிட்டால் காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டுவதற்கு. கிளம்பியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். இந்த ஊர் வெயிலுக்குத் தேவையே இல்லை. திருமூர்த்தி அதைத் தொட்டு வருடக்கணக்காகிறது.

அவர் முகம் சிவந்தது. "சுலோ, அது சோக்! அதைப் போயி..."

"சார்" என்றார் நாச்சிமுத்து. "முன்னெல்லாம் அம்மா பைய எங்க வெப்பாங்க?"



சுலோசனா டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஸ்பேனர்கள். ஸ்க்ரூடிரைவர். கழற்றிப் போட்ட ப்ளக். கரித்துணி.

"இதுலதான் வெப்பேன். நாலு மாசமா இடமில்லை."

ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றாகக் கணவரின் மடியில் வைத்தார். வெள்ளை வேட்டி. கடைசியாகக் கரித்துணி.

பையை உள்ளே வைத்தார். ஒரு விரலால் குமிழைத் தள்ளினார்.

"போலாங்க. நடை சாத்திருவாங்க."

போனார்கள். நாச்சிமுத்து பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார். கோயில் வரைக்கும் ரோடு தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் சாக்பீஸை நீட்டினார்.

"எழுதுங்க சார். உங்க வண்டி பொகை நின்னுருச்சு."

திருமூர்த்தி எழுதினார். வண்டி: அம்பாசடர். கோளாறு: கரிப்புகை.

மூன்றாவது கட்டத்தில் 'தி' என்று போட்டார். நின்றார். உள்ளங்கையால் அழித்தார்.

"உங்க பேரை எழுதட்டா மேஸ்திரி?"

"நான் பின்னாடி சும்மா உக்காந்திருந்தவனுங்க." நாச்சிமுத்து ஒரு வேனுக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

திருமூர்த்தி கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு கொட்டை எழுத்தில் எழுதினார்.

சுலோசனா.