ஏரிக்கரையில் எழுந்த வளைகள்

காட்டு ஏரியின் கரையில் முயல்கள் குடியிருந்தன. அந்த ஆண்டு ஐப்பசி மழையில் ஏரி பொங்கியது. கரையிலிருந்த வளைகளெல்லாம் இடிந்து சேறாயின. முயல்கள் குட்டிகளோடு புதரடியில் ஒண்டிக்கொண்டன.

காட்டுக் கல்லூரியில் படித்த ஊசிமல்லி என்ற முள்ளம்பன்றிக்கு இது பொறுக்கவில்லை. "விடுமுறைதானே! வாங்கடா, போய் வளை கட்டிக் கொடுப்போம்!" என்று கூடப் படித்த கீரிகளையும் குருவிகளையும் திரட்டிக்கொண்டு கிளம்பியது.

கீரிகள் மண்ணைத் தோண்டின. குருவிகள் புல்லைப் பின்னி மழை மறைப்புக் கட்டின. முதல் வளை எழுந்தது. எல்லோரும் பசியாறிவிட்டுத் திரும்பினால், வளை இடிந்து கிடந்தது; அந்த இடத்தில் முரட்டான் என்ற காட்டுப்பன்றி சேற்றில் புரண்டுகொண்டிருந்தது!

"ஏய் பொடிசுகளா! இந்தக் கரை எனக்கு வேணும். கட்டக் கட்ட இடிப்பேன்!"

"இடிக்க இடிக்கக் கட்டுவோம்!" என்று முள்ளைச் சிலிர்த்தது ஊசிமல்லி.

பன்றி வயிறு குலுங்கச் சிரித்தது. "கல்லூரி திறந்ததும் நீ போயிடுவே. அப்புறம் யார் கட்டுவா? இந்தப் பயந்தாங்கொள்ளிகளா?"

ஊசிமல்லிக்குச் சுருக்கென்றது. பன்றி சொன்னதில் பொய்யில்லையே! முயல்கள் கிழங்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றன. யாரும் அவற்றைக் கூப்பிடவும் இல்லை. ஊசிமல்லி நேரே பஞ்சம்மா என்ற முயலிடம் போனது.

"அக்கா, கிழங்கு போதும். நீங்களும் குழியில இறங்குங்க!"

"எங்களுக்குத் தோண்டத்தான் தெரியும் தங்கச்சி. இடியாம நிறுத்தத் தெரியாதே."

"அதைத்தான் நாங்க படிச்சிருக்கோமே! வாங்க, சேர்ந்து செய்வோம்."

ஈர மண்ணில் வளை போடாமல் மேட்டில் போட்டார்கள். மரவேரைத் தூணாக விட்டு, அதைச் சுற்றித் தோண்டினார்கள். வாசலுக்குக் கல் பதித்தார்கள். பின்பக்கம் தப்பிக்க ஒரு வழி வைத்தார்கள். வேகமாக வேலை செய்த முயல்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கீரிகளுக்கு மூச்சு வாங்கியது!

விடுமுறை முடியும் நாளில் முரட்டான் மறுபடி வந்தது. வந்த வேகத்தில் ஒரு வளையை முட்டிச் சரித்தது. ஊசிமல்லி முள்ளை விரித்துக்கொண்டு பாய்ந்தது.

பஞ்சம்மா குறுக்கே வந்து நின்றது. முன்கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டது.

"நீ நகரு தங்கச்சி. இது எங்க வீடு!"

பின்வழியாகக் குட்டிகள் பத்திரமாக வெளியேறின. பெரிய முயல்களோ பன்றியின் கண்ணெதிரிலேயே பக்கத்தில் புது வளை தோண்டத் தொடங்கின.

"என்ன தைரியம்!" என்று உறுமிய பன்றி இன்னொரு வளையை முட்டியது. கோரைப்பல் கல்லில் மோதி, கண்ணில் பொறி பறந்தது.

"நல்லா முட்டுங்க!" என்றது பஞ்சம்மா. "நீங்க ஒண்ணை இடிக்கிறதுக்குள்ள நாங்க ரெண்டு கட்டிடுவோம்!"

பன்றி சுற்றிலும் பார்த்தது. திரும்பிய பக்கமெல்லாம் மண் பறந்தது. ஒரு முயல்கூட ஓடவில்லை. வலித்த பல்லோடு அது வேறு சேறு தேடிப் போய்விட்டது.

அடுத்தவர் கட்டித் தந்த வீட்டை யாரும் இடித்துவிடலாம். கூடி நின்று கட்டக் கற்றவர்களை யாராலும் விரட்ட முடியாது.