அணைஞ்சிருச்சு

காப்பித் தோட்டத்தை ஒட்டிய காட்டில், ஒரு பெரிய பாறைக்கு அடியில், ஒரு புனுகுப் பூனைக் குடும்பம் இருந்தது. அப்பா பெயர் சவ்வாது. அம்மா பெயர் கஸ்தூரி. குட்டிகள் அத்தரும் பன்னீரும். பேரைக் கேட்டாலே தெரிந்திருக்கும், வாசனைக்குப் பேர்போன குடும்பம். அந்தப் பொந்துக்குள் நுழைந்தால் புனுகு வாசம் ஆளைத் தூக்கும். அந்த வாசத்திலேயே கிடந்ததால் வேறு எந்த நாற்றமும் அவர்கள் மூக்குக்குச் சட்டென்று எட்டாது. அதில் சவ்வாதுக்குப் பெருமை வேறு.

வீட்டில் காஸ் அடுப்பு இருந்தது. காட்டில் காஸ் அடுப்பு ஏது என்று கேட்காதீர்கள். விறகு பொறுக்கிப் பொறுக்கிக் கஸ்தூரிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று, வாங்கி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகாவது ஓய்ந்தாளா என்றால், அதுதான் இல்லை. விறகு பொறுக்கிய நேரத்துக்கும் சேர்த்துப் பழம் பொறுக்கப் போனாள்.

அன்றைக்கும் அப்படித்தான். பொழுது சாயப் பழக்கூடையோடு வந்தாள். குட்டிகள் உள்ளே பள்ளத்தில், இலைப் படுக்கையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. கஞ்சியை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பார்த்தால் குடத்தில் தண்ணீர் இல்லை.

"என்னங்க, ஓடைக்குப் போயிட்டு வந்துடறேன். கஞ்சி வெந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க."

"இதெல்லாம் ஒரு வேலையா? நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார் சவ்வாது, வாலைச் சீவிக்கொண்டே.

அவள் போனதும் இங்கே நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளியே இரண்டு குரங்குகள் பலாப்பழத்துக்குச் சண்டை போட்டன. சண்டை என்றால் சவ்வாதுக்குச் சோறு வேண்டாம். வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கஞ்சி பொங்கியது. பொங்கி வழிந்து அடுப்பின் மேலேயே கொட்டியது. தீ புஸ்ஸென்று அணைந்துபோயிற்று. காஸ் மட்டும் நிற்கவில்லை, அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

சவ்வாது உள்ளே எட்டிப் பார்த்தார். தீ இல்லை. 'நல்லதாப் போச்சு, நமக்கு ஒரு வேலை மிச்சம்' என்று மறுபடி சண்டை பார்க்கப் போய்விட்டார். மூக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். புனுகுக்கு நடுவில் அது என்னத்தைச் சொல்லும்?

கஸ்தூரி குடத்தோடு திரும்பியபோது நன்றாக இருட்டிவிட்டது. கால் இரண்டும் கெஞ்சின. வாசலில் குடத்தை இறக்கினாள்.

"அடுப்பை அணைச்சீங்களா?"

"அதெல்லாம் அப்பவே அணைஞ்சிருச்சு."

'அப்பாடா, ஒரு வேலையாவது நான் சொல்லி நடந்திருக்கு' என்று நினைத்துக்கொண்டாள் அவள். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. தடவித் தடவி உள்ளே போனாள். விளக்கு மாடத்தில் இருந்தது. பக்கத்தில் தீப்பெட்டி. எடுத்தாள்.

"அம்மா, தலை வலிக்குது" என்று பள்ளத்திலிருந்து முனகினான் பன்னீர்.

"இரு கண்ணு, விளக்கை ஏத்திட்டு வர்றேன்."

குச்சியைப் பெட்டியின் மேல் வைத்தாள். உரசப் போனாள். கை அப்படியே நின்றது.

அவள் கேட்டது, அணைச்சீங்களா என்று. அவர் சொன்னதோ, அணைஞ்சிருச்சு என்று. 'அணைச்சேன்னு அந்த மனுஷர் சொல்லவே இல்லையே' என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குச்சியைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். இருட்டிலேயே அடுப்பைத் தடவினாள். மேலெல்லாம் கஞ்சி பிசுபிசுத்தது. திருகைத் தொட்டாள். முழுசாகத் திறந்து கிடந்தது.

திருகை மூடினாள். சிலிண்டரின் வாயையும் மூடினாள். "விளக்கு ஏத்தாதீங்க, எதையும் உரசாதீங்க, பின்பக்கத்து வழியை அடைச்ச கல்லைத் தள்ளுங்க, காத்து வரட்டும்" என்று வாசலில் இருந்தவருக்குக் குரல் கொடுத்துக்கொண்டே பள்ளத்தில் இறங்கினாள். இந்தக் காஸ் மேலே போகிற ஜாதி இல்லை. தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளம் எங்கே என்று தேடிப் போய் உட்காரும். அங்கேதான் குட்டிகள் கிடந்தன. பன்னீர் முனகினான். அத்தர் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. இரண்டையும் பிடரியில் கவ்வி ஒவ்வொன்றாக வெளியே கொண்டு வந்து, பாறையைத் தாண்டிக் காற்றோட்டமான மரத்தடியில் போட்டாள்.

நல்ல காற்று பட்டதும் பன்னீர் தெளிந்தான். அத்தர் அசையவில்லை. கஸ்தூரி அவன் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அவன் இருமினான். கண்ணைத் திறந்து, "கஞ்சி ஆயிடுச்சாம்மா?" என்றான். அப்போதுதான் அவள் அழுதாள்.

சவ்வாது பக்கத்தில் வந்து நின்றார். வால் தொங்கிப் போயிருந்தது.

"நான் பொய் சொல்லலையே கஸ்தூரி. தீ அணைஞ்சுதான் இருந்துச்சு."

"நீங்க பொய் சொல்லல. தீ அணைஞ்சுது, நீங்க அடுப்பை அணைக்கல. நானும் அசந்து போயிருந்தேனா, ரெண்டும் ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டேன். அந்தக் குச்சியை உரசியிருந்தா இப்போ இந்தப் பேச்சைப் பேச நாம யாரும் இல்ல."

காஸ் எல்லாம் வெளியேறும்வரை நால்வரும் மரத்தடியிலேயே கிடந்தார்கள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

மறுநாளும் கஸ்தூரி களைத்துத்தான் வந்தாள். ஒரே நாளில் எந்த உலகம் மாறிவிடப் போகிறது? வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடுப்பு?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

சவ்வாது வழக்கம்போல வாயைத் திறந்தார். "அதெல்லாம் அணைஞ்..." என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். திருகு கிரீச்சென்று திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு சிலிண்டர் மூடும் சத்தமும் கேட்டது. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அணைச்சேன்" என்றார்.

"சரி" என்றாள் கஸ்தூரி. உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, தீ தானாக அணைந்துபோனால் அடுப்பை மூடியதாக ஆகாது. உங்கள் கையால் திருகி மூடிய பிறகே, அணைத்துவிட்டேன் என்று வாயால் சொல்லுங்கள்.