தலையில்லாத ஃபிளெக்ஸ்

கோடம்பாக்கத்தில் ஆவுடையப்பன் என்று ஒரு முதலாளி. பழைய படங்களை டிவிடி போட்டு விற்பார். 'சினிமாவைக் காத்த செம்மல்' என்று தனக்குத்தானே பட்டம் வேறு. அவரிடம் எடிட்டிங் வேலை பார்த்தவள் ஃபிலோமினா.

ஒரு கறுப்பு வெள்ளை நாட்டியப் படம் வந்தது. சதுரமான படம். அகல டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பாக நின்றது.

"காசு குடுக்குறவன் கறுப்பையா பாப்பான்? திரை முழுக்க நிரப்பும்மா!"

"நிரப்பினா மேலயும் கீழயும் வெட்டணும் சார். ஆடுறவ கால் போயிடும்."

"கால யாரு பாக்குறா? சொன்னதச் செய்."

செய்தாள். டிவிடி வெளியீட்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கும் வேலையும் அவளுக்கே வந்தது.

விழா அன்று, வாசலை அடைத்து நின்ற அகலமான ஃபிளெக்ஸில் முதலாளியின் கும்பிட்ட கையும் தொப்பையும் மட்டும்தான் இருந்தன.

"என் தலை எங்க?" என்று கத்தினார்.

"நின்னு எடுத்த போட்டோ சார். பக்கத்துல காலி இடம் விடாம நிரப்பினேன்."

கூட்டம் சிரித்தது. அவர் முகம் செத்துப்போனது. "சரிம்மா, புரியுது. அந்த நாட்டியப் படத்தையும் முழுசாவே போட்டுடு."

ஃபிலோமினா சிரிக்கவில்லை.

"உங்க தலை கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு சார், நாளைக்கே ஒட்டிடலாம். வெட்டாத படம் கம்ப்யூட்டர்லகூட இல்ல. இருந்த ஒரே ஃபிலிம் பிரிண்ட்ட, வேல முடிஞ்சுதுன்னு போன வாரம் நீங்கதான எடைக்குப் போட்டீங்க? அவ காலுக்கு நான் எங்க போவேன்?"